நான்கு எண்களைக் கேளுங்கள்

சென்ற வாரம் பேட்டரியைப் பற்றி எழுதியதிலிருந்து என் கைப்பேசிக்கு வரும் குரல் பதிவுகளில் பாதியில் மனிதக் குரலே இல்லை. கார் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றுகிற சத்தத்தை அப்படியே பதிவு செய்து, "தங்கச்சி, இது என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பியிருக்கிறீர்கள். வானொலியில் வேலை செய்கிறவளுக்குக் காதுதானே மூலதனம் என்று நினைத்திருப்பீர்கள் போல. நினைத்தது தவறில்லை. அவற்றில் சில பதிவுகளோடு ஒரே மாதிரியான குறிப்பும் வந்தது. பேட்டரி புதுசு, பெட்ரோல் இருக்கு, பிளக்கும் மாத்தியாச்சு, இன்னும் பிடிக்க மாட்டேங்குது. இந்த வாரம் அவர்களுக்காக.

கார் கிளம்பவில்லை என்றால் நம் ஆட்கள் வழக்கமாகப் பார்ப்பவை மூன்று: பேட்டரி, பெட்ரோல், பிளக்கில் வரும் பொறி. மூன்றும் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அமுக்கம். இதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். சில இடங்களில் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்கள். "கம்ப்ரஷன் போச்சு" என்கிற அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளிக் கணக்கு வரும். ஆகவே அதைக் கேட்டதும் தலையாட்டுவதற்கு முன் நாம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். கை திணறும். எஞ்சினுக்குள் நடப்பதும் அதுதான். பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அந்த நேரத்தில் பிளக் பொறி வைக்கிறது. நெருக்கியது எங்காவது கசிந்துவிட்டால், பொறி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சரியாகப் பற்றாது. கசிவதற்கு வழிகள் அதிகம் இல்லை. கீழே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங். மேலே வால்வுகள். இரண்டுக்கும் நடுவே, எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் சேருகிற இடத்தில் ஹெட் கேஸ்கெட். இவை எல்லாம் நன்றாக இருந்தும் வால்வு தவறான நேரத்தில் திறந்தால் அமுக்கம் நிற்காது. அந்த நேரத்தைக் காப்பது டைமிங் பெல்ட் அல்லது சங்கிலி.

இப்போது சத்தத்துக்கு வருவோம். நல்ல எஞ்சினை ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும். ர்ரு, ர்ரு, ர்ரு, ர்ரு. ஒவ்வொரு அடியும் ஒரு சிலிண்டர் எதிர்த்து நிற்கிற கணம். நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு நான்கு முறை எதிர்க்கும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் வினாடிக்கு ஆறு, ஏழு அடி விழும். பேட்டரி தளர்ந்தால் தாளம் மெதுவாகும், ஆனால் அடி தவறாது. ஒரு சிலிண்டரில் அமுக்கம் போனால் நான்கில் ஓர் அடி விழாமல் நொண்டும். நான்கிலும் போயிருந்தால் தாளமே கேட்காது. "விர்ர்ர்" என்று வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் சாவியை மறுபடி திருப்பாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா தோசை மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறார். பெரியப்பா போன பிறகு வீட்டுக்கு வருமானம் அதுதான். கார் பதினைந்து வயது. சில வாரங்களாகவே காலையில் இருமி இருமித்தான் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் கிளம்பவே இல்லை. பாக்கெட் போட்ட மாவு வாசலில் புளித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஒருநாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் வேறு ஆளின் மாவு அந்த ஐஸ் பெட்டியில் உட்கார்ந்துவிடும். பெரியம்மாவுக்குக் காரைவிட அந்தப் பயம்தான்.

முதலில் போன பட்டறையில் ஸ்கேனர் மாட்டினார்கள். பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்பும் மாற்றினார்கள். 420 வெள்ளி. அப்போதும் பிடிக்கவில்லை. "கம்ப்ரஷன் போச்சு ஆண்ட்டி. ஓவர்ஹால் 4,500. இல்லாட்டி ஹாஃப்-கட் எஞ்சின் போட்டுக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்களாம். பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை பி.எஸ்.ஐ. வந்துச்சு அண்ணே?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா."

கேஜ் வைத்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுற்றும் சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யும் இல்லை, கம்ப்ரஷன் உண்மையிலேயே போயிருந்தது. ஆனால் எந்தச் சிலிண்டரில், எந்த வழியாக என்பது காதுக்கு எட்டாத விஷயம். அந்த வழி ரிங்கா, கேஸ்கெட்டா என்பதில்தான் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. காரில் இருக்கிற சென்சார்கள் சொல்வதை அது படித்துக் காட்டும். சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கிற சென்சார் சாதாரணக் காரில் கிடையாது. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதுவரை அது சொல்லும், ஏன் எரியவில்லை என்பதை ஆள்தான் தேட வேண்டும்.

அந்தக் காரின் சத்தத்தை என் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போய், மறுநாள் ஸ்டுடியோவில் எடிட்டிங் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். படிக்கிற காலத்தில் ஒலிப்பதிவுப் பாடத்தில் இருமலையும் மூச்சையும் அலைவடிவத்திலேயே அடையாளம் கண்டு வெட்டப் பழகியிருக்கிறோம். இங்கே இரண்டு மேடு, பிறகு ஒரு சமவெளி, மறுபடி இரண்டு மேடு. நான்கில் இரண்டு சிலிண்டர், அதுவும் அடுத்தடுத்த முறையில், எதிர்க்கவில்லை. பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் எரியும் வரிசை 1-3-4-2. அருகருகே இருக்கும் 3-உம் 4-உம் இந்த வரிசையிலும் அடுத்தடுத்து வருகின்றன. 2-உம் 1-உம் அப்படியே. ஏதோ ஒரு ஜோடிதான் போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் இந்தப் படத்தைக் காட்டி எந்தப் பட்டறையிலும் வாதாட முடியாது.

காரை இழுத்துக்கொண்டு இன்னொரு பட்டறைக்குப் போனோம். அறுபதைத் தாண்டிய போமன், பேச்சு குறைவு. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பாருங்க" என்று மட்டும் சொன்னார். பார்த்ததை எழுதுகிறேன், உங்கள் கார் என்றைக்காவது அந்த நிலைக்கு வந்தால் உதவும்.

முதலில் பெட்ரோல் பம்பின் ரிலேயைக் கழற்றினார், காயில்களின் இணைப்பைப் பிரித்தார். பெட்ரோல் ஆவியும் பொறியும் திறந்த துளையருகே சந்திக்கக் கூடாது. பிறகு நான்கு பிளக்கையும் கழற்றினார். ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால் ஸ்டார்ட்டர் மற்ற மூன்றோடு மல்லுக்கட்டும், வேகம் குறையும், எண் தப்பாக வரும். காரின் பேட்டரியோடு இன்னொரு பேட்டரியையும் சேர்த்தார். பெரியம்மாவை உள்ளே உட்காரவைத்து எக்சலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொன்னார். மிதிக்காவிட்டால் காற்று போதுமான அளவு உள்ளே போகாது, ஆரோக்கியமான எஞ்சின்கூட நோயாளி மாதிரி காட்டும். பிறகு ஒவ்வொரு துளையிலும் கேஜைத் திருகி, ஐந்தாறு துடிப்புவரை சுற்றி, முள் நின்ற இடத்தைப் பார்த்தார். பானெட்டின் உள்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்.

175. 170. 70. 65.

நல்ல பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 150-லிருந்து 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். சரியான எண் காருக்குக் கார் மாறும், தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். 100-க்குக் கீழே போனால் கிளம்புவது சிரமம். ஆனால் எண்ணைவிட எண்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 175-க்கு முக்கால் என்றால் 131. எங்களுடைய 3-உம் 4-உம் அதன் பாதியைத்தான் தொட்டன.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு தேக்கரண்டி கறுப்பெண்ணெயை எடுத்து மூன்றாவது துளைக்குள் விட்டார். கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அளந்தார். நான்காவதிலும் அப்படியே. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், எண் கிடுகிடுவென ஏறும். வால்வோ கேஸ்கெட்டோ போயிருந்தால் எண்ணெய் அங்கே நிற்காது, எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வந்தது 75, 65. ரிங் தப்பித்தது. அருகருகே இருக்கும் இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்து, எண்ணெய்க்கும் அசையவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் சுவர்தான் முதல் சந்தேகம்.

உறுதி செய்ய, மூன்றாவது பிஸ்டனை மேலே நிறுத்தி அந்தத் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட்டார். "நீங்க ரேடியோதானே, கேளுங்க" என்று ஒரு ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தார். அன்று அவர் பேசிய ஒரே நீளமான வாக்கியம் அது. காற்று எஞ்சினின் காற்றுக் குழாயில் சீறினால் உள்வால்வு. சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் தண்ணீர்ப் பக்கமாகக் கிழிந்திருக்கிறது. இந்த நான்கு இடத்திலும் அமைதி. நான்காவது பிளக் துளையில் குழாயை வைத்ததும் காதைக் கிழித்தது.

ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கெட்டில் அந்த இடம் கருகி, அரை விரல் அகலத்துக்குத் தின்றுபோயிருந்தது. காரணம் ரேடியேட்டர் ஹோஸ். ஒரு மாதமாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் சூட்டுமுள் ஏறும்போதெல்லாம் பெரியம்மா ஓரமாக நிறுத்தி, ஆறிய பிறகு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் கார் பூட்டில் அந்த ஐந்து லிட்டர் பாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது! ஹெட்டை ஸ்கிம் செய்து, புதுக் கேஸ்கெட், அதோடு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் சேர்த்து 1,180 வெள்ளி. நான்காம் நாள் மாவு கடைக்குப் போனது. ஒரு கடை மட்டும் கைவிட்டுப் போயிற்று.

இப்போது நான்கிலும் அமுக்கம் இல்லாத அந்த "விர்ர்ர்" சத்தம். ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று அணைந்து, பிறகு இப்படிச் சுற்றினால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் திறந்த நிலையில் நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் போய் மோதும், வால்வு வளையும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்புவதும் இன்னும் இரண்டை வளைப்பதற்குச் சமம். நம் தாமானில் கார் நின்றால் கேட்காமலேயே நாலு பேர் தள்ள வந்துவிடுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் இந்தச் சத்தம் கேட்ட காரைக் கியரில் போட்டுத் தள்ளிக் கிளப்ப விடாதீர்கள். எண்ணெய் மூடியைத் திறந்து ஒருவர் உள்ளே பார்க்க, இன்னொருவர் ஒரே ஒரு கணம் சாவியைத் திருப்பட்டும். பல கார்களில் கேம் தண்டு அந்த வழியே தெரியும். ஸ்டார்ட்டர் சுற்றியும் அது அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். பெரோடுவா கஞ்சிலில் இருந்தது பெல்ட். 2005-இல் வந்த மைவியில் சங்கிலி. சங்கிலிக்கு பெல்ட் மாதிரி மாற்றும் கெடு கிடையாது, ஆனால் கறுப்பெண்ணெயை நேரத்துக்கு மாற்றாதவர்களின் சங்கிலி தளர்ந்து பல் தாவும். அப்போது நான்கு எண்களும் சேர்ந்தாற்போல் குறையும்.

நான்கும் சேர்ந்து குறைய இன்னொரு காரணமும் உண்டு, அது செலவே இல்லாத ஒன்று. வீட்டில் விசேஷம், கூடாரம் போட இடம் வேண்டும் என்று காரைக் கிளப்பிப் பத்தடி நகர்த்தி உடனே அணைத்திருப்பீர்கள். எஞ்சின் சூடாவதற்குள் நின்றதால் கூடுதலாக வந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். மறுநாள் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது, கேஜ் வைத்தால் நான்கும் தாழ்ந்திருக்கும். குளிர் நாடுகளில் இது அதிகம், இங்கே குறைவு. ஆனாலும் பிளக்கைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக வரும்போது இதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டதும் எண் ஏறும். பிளக்கைக் காயவைத்துப் போட்டு, எக்சலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால் புகை கக்கிக்கொண்டு கிளம்பிவிடும். இதற்கும் எண்ணெய்க்கு எண் ஏறுகிறது, தேய்ந்த ரிங்குக்கும் ஏறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? இரண்டையும் பிரிப்பது கார் அதற்கு முன் எப்படி இருந்தது என்கிற கதை. நீலப் புகை விட்டு, மாதாமாதம் எண்ணெய் குடித்து, இழுவை குறைந்து வந்த கார் என்றால் ரிங். நேற்றுவரை நன்றாக ஓடிய கார் என்றால் அவசரப்படாதீர்கள்.

ஓவர்ஹாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிங் தேய்ந்து, சிலிண்டர் சுவர் கீறியிருந்தால் வேறு வழி இல்லை, அந்தக் காசு கொடுத்தே ஆக வேண்டும். கொடுப்பதற்கு முன் நான்கு எண்ணையும், எண்ணெய் விட்ட பிறகு வந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் கார் என்றால் மும்மூன்று. அரைமணி நேர வேலை. நேர்மையான போமன் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், காரை இழுத்துப் போகிற செலவு உங்களுக்கு மிச்சம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்குப் புரியாது" என்று பெண்களிடம் சொல்கிற இடங்களில் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கேட்கலாம்.

மழைக்காலம் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை மூழ்கிய கார்களை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்ததும் பலருக்கு முதலில் கை போவது சாவிக்குத்தான். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் "டொக்" என்று ஒரே அடியில் நிற்கும். அதற்கு மேலும் வற்புறுத்தினால், அல்லது வெள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை உறிஞ்சினால், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையும். வளைந்த கம்பியில் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, அந்தச் சிலிண்டரின் எண் மட்டும் தாழ்ந்தே இருக்கும், எண்ணெய் விட்டாலும் பெரிதாக ஏறாது. மூழ்கிய காரில் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. கறுப்பெண்ணெயையும் பில்டரையும் மாற்றும்வரை அந்த எஞ்சினை யாரும் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள்.